ஊர் வீட்டை விற்க மனம் மறுப்பதை ஒரு நியாயமாகக் கொள்ளலாமா?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து

கொக்குவிலில் அப்பாவின் வீடு 10 வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. கூரை திருத்தவும் வளவைத் துப்புரவாக்கவும் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளைகள் எவரும் அங்கு போய்க் குடியிருக்கப் போவதில்லை. விற்பதே சரி என்று ரொறன்ரோவிலுள்ள அண்ணா கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கணக்கில் பிழையில்லை, ஆனாலும் காணி உறுதியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மனம் மறுக்கிறது. இந்த மறுப்புக்கு மதிப்புக் கொடுக்கலாமா, அல்லது பலவீனம் என்று ஒதுக்க வேண்டுமா?

மறுமொழி: உளவியல் ஆசிரியை, தெஹிவளை

ஒதுக்கிவிடாதீர்கள். நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அடுத்த சந்திப்புக்கு இரண்டு திகதிகளைச் சொல்லி ஒன்றைத் தெரிவுசெய்யக் கேட்டபோது, வேறு அலுவல்கள், காலநிலை என்று இரண்டுக்கும் சாதகமும் பாதகமுமான காரணங்களை அவர் ஏறத்தாழ அரை மணி நேரம் தெளிவாக அடுக்கிக்கொண்டே போனார். முடிவு மட்டும் வரவில்லை. காரணங்களுக்கு நிறை தருவது உணர்ச்சி, அது மங்கினால் எல்லாக் காரணங்களும் ஒரே நிறையாகிவிடுகின்றன என்பது டமாசியோவின் விளக்கம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர், நான் ஏற்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கியாளர், பம்பலப்பிட்டி

உணர்ச்சி எதற்கு நிறை தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும், தங்கச்சி. உளவியலாளர் டானியல் கானமனும் வேறு இரு ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கோப்பி குடிக்கும் கோப்பையைச் சற்று முன்னர்தான் பெற்றுக்கொண்ட மாணவர்கள், அதை வாங்க வந்தவர்கள் தர விரும்பியதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். சற்று நேரம் கையிலிருந்த கோப்பைக்கே இப்படியென்றால், வளர்ந்த வீட்டைப் பற்றி என்ன சொல்வது? ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அதே வீடு வேறொருவருடையதாக இருந்து, அதே விலைக்கு வந்தால் வாங்குவீர்களா?

கேட்டவரின் பதில்

இரண்டு நாட்கள் யோசித்தேன், ஐயா. வீட்டை வாங்கமாட்டேன். ஆனால் கிணற்றடியும் அம்மா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரமும் உள்ள பின்வளவை, கூடுதல் விலை கேட்டாலும் வாங்குவேன். மனம் எதை விட மறுத்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. பின்வளவைப் பிரித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று நில அளவையாளரிடம் கேட்கவுள்ளேன். பாதை விட வேண்டியிருப்பதால் முன்காணியின் விலை குறையலாம். அந்தக் குறைவை எனது பங்கில் கழிக்கும்படி அண்ணாவுக்கு எழுதிவிட்டேன்.