எலையோசோமுக்குத் தமிழில் என்ன பேர்?

கோபி, ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எறும்பும் விதையும் பற்றி நாலு பக்கத்தில் ஒரு சிறு வெளியீடு தயார் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

எடுத்துக்கொண்ட செடி பிளட்ரூட். வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளில், பனி கரைந்து, மேலே மரங்கள் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். சுருண்ட ஒற்றை இலை பூக்காம்பைப் போர்த்திக்கொண்டு மண்ணிலிருந்து வரும். வெள்ளைப் பூ. அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். சில நாளில் இதழெல்லாம் கொட்டிவிடும். மண்ணுக்கு அடியில் இருப்பதைக் கிள்ளினால் செந்நிறப் பால் வடியும். விதைமேல் கொழுப்பான வெள்ளைச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். அதற்காகவே எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகிறது. சதையை இளம்புழுக்களுக்குக் கொடுத்துவிட்டு விதையைக் குப்பையில் தள்ளிவிடும். அந்தக் குப்பை மண்ணில் செடி முளைக்கும். அந்தச் சதைக்குப் பெயர்தான் எலையோசோம்.

படத்தைக் காட்டியதும் ஒரு பெண், "டீச்சர், நம்ம கொட்டமுத்துலயும் நுனியில இப்படி ஒண்ணு இருக்குதுங்களே, அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள். ஆமணக்கு விதை நுனியில் இருப்பதும் இதே வேலையைச் செய்வதுதான். எனக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. 'நெய்யுடல்' என்று போடலாமா?

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்:

நேர் பெயர்ப்பு அதுதான். எலையோன் எண்ணெய், சோமா உடல். 1906இல் செர்னாண்டர் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கட்டிய பேர். ஆனால் இன்றைய பிள்ளைக்கு நெய் என்றால் தோசையில் ஊற்றும் நெய். 'எறும்புத்தீனி' என்று வையுங்கள், சொன்னதுமே புரியும்.

இன்னொன்று. பிளட்ரூட்டைக் குருதிவேர் ஆக்கிவிடாதீர்கள். அது வேரே இல்லை, மட்டநிலத்தண்டு. எங்கள் ஊர் மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்குக் கிழங்கு என்றாலே போதும்.

கரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நெய்யைக் கைவிடக் கூடாது. பழந்தமிழில் நெய் பசுநெய்க்கும் எண்ணெய்க்கும் பொது. எள்ளின் நெய்தான் எண்ணெய். எலையோனில் இருக்கும் 'எல்' நம்முடைய எள்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். அப்புறம் பாருங்கள், குருதிக்குச் சங்க நூல்களில் நெய்த்தோர் என்று பெயர். விதையின் கொழுப்பும் கிழங்கின் செம்பாலும் 'நெய்' என்ற ஒரே சொல்லுக்குள் வந்து நிற்கின்றன! செடிக்கு நெய்த்தோர்க்கிழங்கு, சதைக்கு நறுநெய் என்று வைக்கலாம். 'நறு' ஏன் என்றால், சிதலும் எறும்பும் மூவறிவின என்கிறார் தொல்காப்பியர். மூன்றாவது அறிவு மூக்கு. எறும்பு இந்தச் சதையை மணத்தால்தான் அறிகிறது. பெயரில் மணம் வரவேண்டும்.

பொள்ளாச்சி, தாவரவியல் பேராசிரியை:

ஐயா மன்னிக்க வேண்டும். கிரேக்கத்தில் எலையா என்பது ஒலிவ மரம், எலையோன் அதன் எண்ணெய். எள்ளுக்கு அங்கே செசமோன் என்று தனிச்சொல் உண்டு. எள்ளை இங்கே கொண்டுவர வழியில்லை. மூவறிவைச் சொன்னது மிகப் பொருத்தம். அந்தக் கொழுப்பில் இருக்கும் ஒலியிக் அமிலம் சார்ந்த பொருள்கள்தான் எறும்பைத் தூக்கிப் போக வைக்கின்றன. ஆனால் அது செத்த பூச்சியிலும் வரும் வாடை. 'நறு' ஒட்டாது.

பிளட்ரூட் விதையைப் பார்த்தால் அந்தச் சதை ஒரு பக்கம் நெடுகச் சேவல் கொண்டை மாதிரி நிற்கும். 'நெய்க்கொண்டை' என்று சொல்லிப் பாருங்கள்.

பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுங்கள். இந்தச் செடிக்கு நம் பக்கத்திலேயே உறவு உண்டு. ரோட்டோரம் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கிறதே, அந்தப் பிரமதண்டு. இரண்டும் கசகசாக் குடும்பம். இதைக் கிள்ளினால் மஞ்சள் பால் வரும். சாங்குவினரின் என்ற நஞ்சு இரண்டிலும் இருக்கிறது. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்து, உடம்பு வீங்கிப் பலர் இறந்தார்கள். பிள்ளைகள் கிள்ளிப் பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்று கட்டாயம் எழுதுங்கள்.

கரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

செசமோன் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எள்ளை எடுத்துவிடுங்கள், நெய்யை மட்டும் எடுக்காதீர்கள். நெய்க்கொண்டை நல்ல தமிழ். நெய்த்தோர்க்கிழங்கையும் ஒரு மூலையில் போட்டால் மகிழ்வேன்.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்:

எனக்கு உடன்பாடு இல்லை. எறும்பை நம்பி விதை பரப்பும் பூச்செடிகள் உலகில் 11,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றில் கொண்டை, ஒன்றில் வால், ஒன்றில் தொப்பி. வடிவத்தை வைத்துப் பேர் வைத்தால் அடுத்த செடியிலேயே தடுக்கும். எல்லாவற்றுக்கும் பொது என்னவென்றால் எறும்பு தின்பது ஒன்றுதான்.

கோபி, ஆசிரியை:

வியாழன் இரவு எழுதுகிறேன். நெய்க்கொண்டைக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர். அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் எலையோசோம் என்றும் எழுதியிருக்கிறேன். செடியின் பேர் பிளட்ரூட் என்றே இருக்கிறது, அதைப் பேச நேரம் போதவில்லை. பிரமதண்டுக்கு அரைப் பக்கம் கொடுத்துவிட்டேன்.

இன்று வகுப்பில் ஆளுக்கு ஒரு கொட்டமுத்து கொடுத்து நெய்க்கொண்டையைக் காட்டச் சொன்னேன். அதே பெண் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கொண்டை இல்லீங்க டீச்சர், மூக்கு" என்றாள். பார்த்தால் மூக்குதான். நாளைக் காலை 10 மணி வரை மாற்றலாம் என்கிறார்கள் அச்சகத்தில்.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்:

எறும்புத்தீனி. இடமிருந்தால் மாற்றிவிடுங்கம்மா.