பட்டாளத்துக்காரங்களுக்கு நன்றி சொல்லணுமா? வெறும் வாய் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

காட்பாடிக்காரன்:
போன வாரம் காட்பாடில இருந்து சென்னைக்கு அன்ரிசர்வ்ல வந்தேன். கதவுகிட்ட ஒரு பையன் கறுப்பு டிரங்கு பெட்டி மேல உக்காந்துருந்தான், முடிவெட்டைப் பாத்தாலே பட்டாளத்துப் பையன்னு தெரிஞ்சுது. லீவு முடிஞ்சு திரும்பிப் போறானாம், சென்னைல வண்டி மாறி ஜம்மு வரைக்கும் போகணுமாம், பாத்ரூம் போறவங்க எல்லாம் அவன் காலை மிதிச்சுட்டுப் போறாங்க, ஒருத்தர்கூட கொஞ்சம் நகந்து இடம் குடுக்கல. நான் எழுந்து சீட்டைக் குடுத்தேன், வேணாம் சார்னுட்டான். "எங்களுக்காக அங்க நிக்கற, ரொம்ப நன்றி தம்பி"ன்னேன். என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம பெட்டியத் திறந்து முறுக்கு டப்பாவ நீட்டினான், யூனிட் ஆளுங்களுக்காக அவங்க அம்மா சுட்டுக் குடுத்ததாம். எங்க வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரே இருக்கு, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க. 1949ல இருந்து டிசம்பர் 7 கொடிநாள்னு வெச்சுருக்கோம், ஸ்கூல்ல உண்டியல் வருது, பிள்ளைங்க காசு போடுது, எதுக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. ஜவானைப் பாத்தா நேர்ல போய் நன்றி சொல்ற பழக்கம் நமக்கு வரணும், இதுல மாற்றுக் கருத்து இருக்கவே முடியாதுன்னு நெனைக்கறேன்.

நேர்கோடு:
எனக்கு இருக்கு. அந்தப் பையனுக்கு இடம் குடுத்தது ரொம்ப சரி, ஆனா அதைப் பழக்கமாக்கணும்னு சொல்றப்போதான் பயமா இருக்கு. மழையில கம்பம் ஏறி ஷாக் அடிச்சு சாகற லைன்மேனுக்கு கொடிநாள் இல்ல, மலக்குழிக்குள்ள இறங்கி செத்துப் போனவங்களுக்கும் இல்ல. அதோட நன்றி நன்றின்னு பழகிட்டா ராணுவம் பண்ற தப்பக் கேக்க முடியாமப் போயிரும். 1987ல இந்தியா இலங்கைக்கு அனுப்பின அமைதிப்படையவே எடுத்துக்கோங்க. 1990 மார்ச்ல அவங்க இலங்கைல இருந்து சென்னைல வந்து இறங்கினப்போ, முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகல. தமிழர்களைக் கொன்ன படைய வரவேற்க முடியாதுங்கறது அவரோட நிலை. அது சரியான முடிவுன்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

பழைய ஹவில்தார்:
தம்பி, அன்னைக்கு கப்பல்ல வந்து இறங்கினவங்கள்ல நானும் ஒருத்தன். 1984ல சேந்தேன், வெலிங்டன்ல டிரெயினிங். எங்களை யாருன்னு பாத்து அனுப்பல, போன்னாங்க போனோம். வவுனியா பக்கம் செக்போஸ்ட்ல நின்னா எங்க அம்மா வயசுல ஒரு பாட்டி எங்கிட்ட வந்து "தம்பி நீ தமிழாடா"ன்னு கேட்டுச்சு, ஆமா பாட்டின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த ரெண்டரை வருஷத்துல செத்த ஜவானுங்க ஏறக்குறைய 1200 பேரு, அதுல என்கூட ஒரே தட்டுல சாப்பிட்ட ரெண்டு பேரு உண்டு. முதலமைச்சர் வரலன்னு எனக்கு வருத்தம் இல்ல, அது அரசியல். ஊர்ல பஸ்ஸ விட்டு இறங்கினப்போ டீக்கடையில உக்காந்துருந்தவங்க ஒருத்தரும் வாடான்னு கூப்பிடல பாருங்க, அது இன்னும் நெஞ்சுல நிக்குது.

காட்பாடிக்காரன் தம்பிக்கும் ஒண்ணு சொல்லணும். லீவுல வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள "எப்ப வந்த, எப்ப போற"ன்னு கேப்பாங்க, அடுத்தது "கேன்டீன் பாட்டில் இருக்கா". நான் 2001ல டிஸ்சார்ஜ் ஆனேன், 17 வருஷ சர்வீஸ், வயசு 36. அதுக்கப்புறம் ஒரு பேங்க் வாசல்ல ஸ்டூலப் போட்டு துப்பாக்கியோட உக்காந்தேன், உள்ள வர்ற ஆளுங்க செருப்பப் பாத்துக்கச் சொல்லுவாங்க. ஒரே ரேங்குக்கு ஒரே பென்ஷன் கேட்டு 2015ல வயசான சுபேதாருங்க எல்லாம் மெடலக் குத்திக்கிட்டு ஜந்தர் மந்தர்ல மாசக்கணக்குல உக்காந்தாங்க, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் அவங்களைத்தான் போலீஸ் வந்து கிளப்பப் பாத்துச்சு. கைகுலுக்கி நன்றி சொல்லுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அதுக்கு அப்புறமும் கொஞ்சம் கூட நில்லுங்க.

வடமராட்சியான்:
அண்ணை, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். 1987 ஜூலைக் கடைசியில அமைதிப்படை வந்தபோது எங்கட சனம் மாலை போட்டு வரவேற்றது, மூண்டு மாசத்துக்குள்ள, ஒக்ரோபர் 21, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள புகுந்து சுட்டாங்கள், டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் நோயாளரும் செத்தவை. அதுக்கு ஒருத்தரும் தண்டனை அனுபவிக்கேல்ல. அந்தப் படைக்கு நன்றி சொல்லெண்டு ஆர் கேட்டாலும் என்னால ஏலாது. அந்தப் பாட்டிக்கு உங்களால பதில் சொல்ல முடியாமப் போனதை விளங்கிக்கொள்ளுறன், உங்களில எனக்குக் கோவமில்லை.

பழைய ஹவில்தார்:
நீங்க சொல்ல வேணாம் தம்பி. நானும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்.

கேம்ப் வீட்டம்மா:
இவ்ளோ பேரு பேசறீங்க, எங்களையும் கொஞ்சம் கணக்குல எடுத்துக்கோங்க. என் வீட்டுக்காரர் சிஆர்பிஎஃப், அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் படை, 2006ல சேந்தாரு, சத்தீஸ்கர்ல சுக்மா பக்கம் இருந்தப்போ சிக்னல் கிடைக்க தண்ணி டேங்க் மேல ஏறித்தான் பேசுவாரு, நடுவுல கட் ஆச்சுன்னா மறுபடி ரிங் வர்ற வரைக்கும் நான் அடுப்பப் பத்த வெக்க மாட்டேன். 2019 பிப்ரவரி 14 புல்வாமால செத்த 40 பேரும் சிஆர்பிஎஃப்காரங்கதான், அன்னைக்கு எங்க தெருவுலயே மெழுகுவத்தி ஏத்தினாங்க. ஆனா 2004 ஜனவரிக்கு அப்புறம் சேந்த எங்காளுங்களுக்கு ஆர்மி மாதிரி பழைய பென்ஷன் கிடையாது, உள்துறைக்குக் கீழ வர்றதால ரிட்டயர் ஆனாலும் முன்னாள் படைவீரர் கணக்குல வரமாட்டாங்க, அவங்களுக்குன்னு இருக்கற ஆஸ்பத்திரி திட்டமும் எங்களுக்கு இல்ல. 2023ல டெல்லி ஐகோர்ட் பழைய பென்ஷன் குடுக்கணும்னு சொல்லுச்சு, மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிருச்சு. நேர்கோடு அண்ணா, நன்றி வேணாம்னு நீங்க சொல்றதக் கேட்டா எனக்கு வலிக்குது, அந்த ஒரு வார்த்தையாவது எங்களுக்கு மிஞ்சட்டுமே.

நேர்கோடு:
அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வேணாம்னு நான் சொல்லல. ஐயா, நான் எழுதினது உங்களைக் குத்திருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆனா படை வேற, ஆள் வேற, வடமராட்சியான் சொன்னதுக்கு நம்ம யார்கிட்டயும் பதில் இல்ல, அதனால என் கருத்து மாறல. காட்பாடிக்காரன், ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன் அக்னிவீரா? 2022ல வந்த திட்டப்படி 4 வருஷம்தான், முடிஞ்சா 100க்கு 25 பேருக்கு மேல வெச்சுக்க மாட்டாங்க, மத்தவங்களுக்கு மொத்தமா ஒரு தொகை, பென்ஷன் கிடையாது. நன்றி சொன்ன நேரத்துல அதைக் கேட்டீங்களா?

காட்பாடிக்காரன்:
கேக்கல. நன்றி சொல்றது தப்புன்னு இப்பவும் ஒத்துக்க மாட்டேன், அடுத்த தடவையும் சொல்லுவேன். ஆனா நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வருது, பெரம்பூர் தாண்டறப்போ டப்பாவ மூடிக்கிட்டே "இன்னும் ஒண்ணேகால் வருஷம்தான் சார்"னு சொன்னான். அடுத்த லீவுக்குச் சொல்றான்னு நெனச்சு, சீக்கிரம் ஓடிரும் தம்பின்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.