ஃபிகோவுக்குப் பழைய சஸ்பென்ஷன் செட், ஆன்லைனில் 11,000 ரூபாய்: வாங்கலாமா?

விழுப்புரம் டீசல் (திங்கள், இரவு 9:40)
என்னோடது 2013 ஃபோர்டு ஃபிகோ டீசல் கார். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கு. போன வாரம் திண்டிவனம் தாண்டி, ராத்திரி மழையில சென்டர் மீடியன் கல்லுல இடது முன் சக்கரத்தை ஏத்திட்டேன். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ரிம் நெளிஞ்சிருக்கு, ஸ்ட்ரட்ல, அதாவது ஸ்பிரிங்குக்குள்ள நிக்கிற ஷாக் அப்சார்பர்ல ஆயில் ஒழுகுது, சக்கரத்தை அடியில வண்டியோட சேர்க்கிற லோயர் ஆர்ம் கண்ணுக்கே தெரியற மாதிரி வளைஞ்சிருக்கு. சக்கரம் மாட்டுற ஹப்பைப் பிடிச்சிருக்கிற நக்கிளும் போயிருக்கும்னு மெக்கானிக் சொல்றார்.

எல்லாமே புதுசாப் போட்டா 22,000 கிட்ட வரும்னு கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதுலயும் நக்கிள் எப்ப வரும்னு கடையில சொல்ல முடியல. ஆன்லைன்ல கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் இதே மாடல் வண்டியைப் பிரிச்சு விக்கிறார். ஸ்பிரிங்கோட ரெண்டு ஸ்ட்ரட், ரெண்டு லோயர் ஆர்ம், ஹப்போட இடது நக்கிள், சேர்த்து 11,000. பாதி விலை. வாங்கலாமா?

புதுசே போதும் (திங்கள், இரவு 10:05)
வேண்டாம். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், டிக்கிக் கதவு, எது வேண்டுமானாலும் பழசு வாங்குங்கள். சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் சாமானைப் பழசாக வாங்காதீர்கள்.

அனுபவத்தில் சொல்கிறேன். நாலு வருஷம் முன்பு ஆன்லைனில் ஒருவரிடம் முன்பக்க ஷாக் ஜோடி வாங்கினேன். "கம்பெனி பீஸ், கொஞ்சம்தான் ஓடியது" என்றார். கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மூன்றாவது மாதம், குடும்பத்தோடு தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குதிரை மாதிரி துள்ளுகிறது. ஒரு லாரிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளியில் நின்றேன் என்பதை வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். கழற்றிப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் குழாயைச் சுற்றி வெல்டிங் தழும்பு. அறுத்து, ஆயில் மாற்றி, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பழசு பத்திரம் (திங்கள், இரவு 10:31)
அந்த கோயமுத்தூர்க்காரன் நாந்தானுங்க. வணக்கம்.

தொப்பூர்ல நடந்ததுக்கு வருத்தம்தானுங்க. ஆனா உங்களுக்குக் கெடச்சது ரீகண்டிஷன் சரக்கு. நான் விக்கிறது வண்டியில இருந்து கழட்டினது, கழட்டினபடியே. சேறு கூடக் கழுவலைங்க. கழுவிப் பெயிண்ட் அடிச்சாத்தான் சந்தேகப்படோணும். 78,000 ஓடின வண்டி, மீட்டர் போட்டோ இருக்குங்க.

புதுசே போதும் (திங்கள், இரவு 10:38)
சேறு இருந்தால் நேர்மை என்றால் எங்கள் ஊர் எருமைதான் உலகத்திலேயே நேர்மையான ஆள்.

பதினேழு ஸ்பேனர் (செவ்வாய், காலை 6:50)
திருச்சியில 28 வருஷமாப் பட்டறை வச்சிருக்கேன். ரெண்டு பேரும் சஸ்பென்ஷன்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் மூட்டை கட்டுறீங்க. பிரிச்சுப் பாருங்க.

இரும்பு வேற, ரப்பர் வேற, ஆயில் வேற. நக்கிள் வார்ப்பு இரும்பு. அடி வாங்காத நக்கிள் 78,000 ஓடினா என்ன, ரெண்டு லட்சம் ஓடினா என்ன? ஸ்பிரிங்கும் துருப் புடிக்காம, உடையாம இருந்தா பரவாயில்ல. ஆர்ம் மாட்டுற இடத்துல இருக்கிற புஷ், உருண்டு திரும்புற மூட்டான பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மேல இருக்கிற மவுண்ட் எல்லாம் ரப்பர், கிரீஸ் சமாச்சாரம். ஓடாம செல்ஃபுல கிடந்தாலும் வயசாகும். ஷாக் முழுக்க ஆயிலும் சீலும். என் பட்டறையில 80,000 தாண்டின ஷாக்கைப் பரிசோதிக்காம விடமாட்டேன். நீ அந்த 78,000 ஷாக்கைக் காசு கொடுத்து வாங்கப் பாக்குற.

தம்பி, ஷாக்தான் வண்டியைத் தாங்குதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. தாங்குறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. அதனாலதான் ஷாக் செத்தாலும் வண்டி உக்காராது, நின்ன இடத்துல பார்த்தா நல்லாவே இருக்கும். பிரேக் போடும்போதுதான் டயர் ரோட்டை விட்டு விட்டுப் பிடிக்கும்.

பழசு பத்திரம் (செவ்வாய், காலை 8:15)
அண்ணா சொல்றது நெசம், நான் மறுக்கலைங்க. ஆனா செத்த ஷாக்கா உசுரோட இருக்கிற ஷாக்கான்னு பார்க்க வழி இருக்குதில்லீங்களா? கையில அமுக்கிப் பார்த்தாத் தெரிஞ்சு போகுமுங்க. வீடியோ எடுத்து அனுப்பறேன்.

பதினேழு ஸ்பேனர் (செவ்வாய், காலை 8:22)
ஸ்பிரிங்கோட இருக்கிற ஸ்ட்ரட்டை எப்படிய்யா கையில அமுக்குவ? யானையா நீ?

சாந்தோம் லான்சர் (செவ்வாய், காலை 11:10)
இந்த வரிக்காகவே லாகின் பண்ணி வந்தேன், ஸ்பேனர் அண்ணே.

புதுசே போதும் சார், ஒரு கேள்வி. கம்பெனியே போயிட்ட வண்டிக்காரங்க என்ன செய்யறது? என்கிட்ட இருக்கிறது லான்சர். 1998-ல திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்க ஆரம்பிச்ச வண்டி. பின்னாடி மல்டிலிங்க், ஒவ்வொரு சக்கரத்துக்கும் இத்தனை கம்பி, இத்தனை புஷ். புதுசு வாங்குங்கன்னு சொல்றது சுலபம், எந்தக் கடையில? ஒரு பின்பக்க ஆர்முக்காக சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள்ல மூணு சனிக்கிழமை அலைஞ்சேன். கடைசியில ஆன்லைன்லதான் கிடைச்சது. இரும்பைப் பழசா வாங்கி, புஷ்ஷை லேத்துல அளவு கொடுத்துப் புதுசா அடிச்சுப் போட்டேன். அஞ்சு வருஷமா ஓடுது.

புதுசே போதும் (செவ்வாய், மதியம் 1:02)
உங்களுடையது வேறு வழியில்லாத நிலை, அக்கா. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதே, சர்வீசும் ஸ்பேர்ஸும் தொடரும் என்றார்கள். ஃபிகோவுக்கு ஷாக், ஆர்ம் எல்லாம் வெளிக் கம்பெனிகளும் போடுகின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நடை நடந்தால் கையில் வாங்கிக்கொண்டு வரலாம். அது இருக்கும்போது எதற்குப் பழசு?

விழுப்புரம் டீசல் (செவ்வாய், மதியம் 1:30)
சார், எதுக்குன்னா அந்த 11,000 ரூபாய் வித்தியாசத்துக்குத்தான். பொண்ணுக்கு இந்த மாசம் காலேஜ் ஃபீஸ்.

புதுசே போதும் (செவ்வாய், மதியம் 1:47)
புரிகிறது. அதே பெண்தான் பின்சீட்டில் உட்காரப் போகிறாள் என்பதால்தான் சொல்கிறேன்.

சாந்தோம் லான்சர் (செவ்வாய், மதியம் 2:05)
சார், இந்த டயலாக்கைப் போட்டு எவன் வாயையும் அடைச்சிடலாம். விஷயத்துக்கு வாங்க.

கோயமுத்தூர்க்காரரே, இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு. அந்த வண்டி ஏன் பிரிபடுது? எந்தப் பக்கம் அடி?

பழசு பத்திரம் (செவ்வாய், மதியம் 2:40)
இப்படிக் கேக்கறவங்க பத்துல ஒருத்தர்தானுங்க. மத்தவங்க எல்லாம் "ஃபைனல் எவ்ளோ"ங்கறதோட சரி.

பின்னாடி லாரி மோதின வண்டிங்க. டிக்கி பின்சீட் வரைக்கும் உள்ள வந்துருச்சு. பானெட், ரேடியேட்டர், முன் டயர் அப்படியே இருக்குது. பிரிக்கறதுக்கு முந்தி நாலு பக்கமும் எடுத்த போட்டோ இங்கயே போட்டிருக்கேன் பாருங்க. ஆர்.சி. நகலும், அடிபட்ட வண்டியை விக்கிற இன்சூரன்ஸ் சால்வேஜ் ஏலத்துல எடுத்த ரசீதும் வாங்கறவங்களுக்குத் தனியாக் காட்டறனுங்க. காகிதமில்லாத வண்டியை நான் தொடறதில்லை. திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317-ல மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகோணும். முந்தி ஐ.பி.சி. 411-ன்னு சொல்லுவாங்களே, அதேதானுங்க.

பதினேழு ஸ்பேனர் (செவ்வாய், மாலை 4:18)
போட்டோ பார்த்தேன். பம்பரும் பானெட்டும் சேருற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. முன்பக்கம் அடி இல்ல.

அப்ப நக்கிளை எடு தம்பி. ஏ.பி.எஸ். இருக்கிற மாடலான்னு மட்டும் ஒத்துப் பாரு, சென்சார் உக்கார்ற இடம் இருக்கணும். அதுல இருக்கிற ஹப் பேரிங்கை நம்பாத. பிரஸ்ல வச்சுப் புதுசு அடிச்சுடு. ஆக்ஸில் நட்டும் புதுசு. பழைய நட்டைத் திரும்பப் போடுற ஆளா இருந்தா மெக்கானிக்கையே மாத்து.

ஆர்ம் வாங்குறதுன்னா, பெட்டி வந்ததும் உன் வண்டியில அடிபடாத வலது ஆர்மைக் கழட்டு. ரெண்டையும் வீட்டு அடுப்பு மேடை கிரானைட்ல படுக்கப் போடு. வீட்டம்மா திட்டுவாங்க, பரவாயில்ல, பழைய பேப்பர் விரிச்சுக்க. ரெண்டும் மேடையில எங்கெங்க தொடுது, எங்கெங்க சந்து தெரியுதுன்னு பாரு. ஒண்ணுல தொடுற இடம் இன்னொண்ணுல தூக்கிட்டு நின்னா அது வளைஞ்சது. ஒரு இடத்துல மட்டும் பெயிண்ட் சுருக்கம் விழுந்து கோடாத் துரு இருந்தாலும், கேஸ் வச்சுக் காய்ச்சி நிமித்தின நீலம் இருந்தாலும் வேண்டாம். மாட்டின பிறகு அலைன்மென்ட் ரிப்போர்ட்ல கேம்பர் (சக்கரம் உள்ளயோ வெளியயோ சாஞ்சிருக்கிற அளவு), கேஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சு முன்னாடி பின்னாடி சாஞ்சிருக்கிற அளவு) ரெண்டையும் வாங்கிப் பாரு. முன்னாடி டோ (சக்கரத்தோட முன் விளிம்பு உள்ளயோ வெளியயோ பாக்குற அளவு) மட்டும் திருப்புற வண்டி இது. கேம்பர் தப்பாக் காட்டினா மிஷின்ல சரி பண்ண முடியாது, ஏதோ ஒரு இரும்பு கோணியிருக்குன்னு அர்த்தம்.

புஷ் போல்ட்டை வண்டி தரையில நிக்கும்போது முடுக்கச் சொல்லு. ஜாக்குல தொங்கவிட்டு முடுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், புதுசாயிருந்தாலும் சீக்கிரம் கிழியும். அப்புறம் சாமான் சரியில்லன்னு வித்தவன் கூடச் சண்டை.

ஈசிஆர் ஈஸ்வரி எக்ஸ்பிரஸ் (செவ்வாய், மாலை 5:30)
இதே செட்டை 7,000-க்கு இன்னொருத்தர் போட்டிருக்காரே? மிலிட்டரியில இருக்காராம், டிரான்ஸ்ஃபராம், அர்ஜெண்டாம்.

சாந்தோம் லான்சர் (செவ்வாய், மாலை 5:34)
ஓடுங்க. அந்த மிலிட்டரி வேஷம் இந்தியா முழுக்க ஓடின நாடகம். அட்வான்ஸ் வாங்குவான், "ரீஃபண்ட் அனுப்பறேன், க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணி யு.பி.ஐ. பின் நம்பர் போடுங்க"ம்பான். பணம் வர்றதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல. ஏற்கெனவே அனுப்பியிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிங்க.

பழசு பத்திரம் (செவ்வாய், இரவு 8:55)
வாங்கறவங்க பண்ற கூத்தையும் கொஞ்சம் கேளுங்க. போன வருசம் ஒருத்தருக்கு நல்ல ஷாக் ஒண்ணு அனுப்பிச்சேன். நாலு நாள் கழிச்சு "லீக் ஆகுது, திரும்ப எடுத்துக்குங்க"ன்னார். வந்த பெட்டியைப் பிரிச்சா அது என்ற சாமானே இல்லைங்க! அவரோட செத்த ஷாக்கை வெச்சு அனுப்பியிருக்கார். அதுக்கப்புறம் ஒவ்வொரு சாமான்லயும் ஆருக்கும் தெரியாத எடத்துல வீட்டுக்காரியோட நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சு போட்டோ எடுத்துக்கறேன். எந்தக் கலர்னு சொல்லமாட்டேன்.

புதுசே போதும் (புதன், காலை 7:20)
நல்ல ஏற்பாடுதான். சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நக்கிள் விஷயத்தில் ஸ்பேனர் சொல்வது சரி. ஷாக் விஷயத்தில் மட்டும் இறங்க மாட்டேன். நம்பிக்கை இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றி ஷாக்கைத் தனியாகக் காட்டுங்கள். நட்ட நிற்க வைத்து ஏழெட்டுத் தடவை முழுக்க அமுக்கி இழுங்கள், படுத்துக் கிடந்ததில் புகுந்த காற்று வெளியேறட்டும். அதற்குப் பிறகும் நடுவில் ஒரு இடத்தில் பிடிப்பு விட்டுப்போனால் அது குப்பை. பிறகு தடியைத் துடைத்துவிட்டு, அன்றைய செய்தித்தாள் முதல் பக்கத்தின் மேல் ராத்திரி முழுக்க நிறுத்துங்கள். காலையில் தேதி தெரிகிற மாதிரி போட்டோ. பெட்ரோலில் துடைத்து எடுக்கிற போட்டோவில் எல்லா ஷாக்கும் காய்ந்துதான் இருக்கும்.

பதினேழு ஸ்பேனர் (புதன், காலை 7:41)
ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் போட்டுக் கழட்டு கோயமுத்தூரு. கயித்தால கட்டி நடு நட்டை லூஸ் பண்ணின ஒருத்தன் தாடையில இன்னும் தையல் தழும்போட திரியறான்.

அப்புறம் எல்லாருக்கும் ஒண்ணு. கையில அமுக்கிப் பார்க்கிறது செத்ததைக் கண்டுபிடிக்கத்தான். பாதி செத்ததைக் கண்டுபிடிக்க முடியாது. ரோட்டுல குழியில விழற வேகத்துக்கு உன் கை போகாது.

விழுப்புரம் டீசல் (அடுத்த செவ்வாய், இரவு 9:15)
எல்லாருக்கும் நன்றி. நக்கிள் மட்டும் வாங்கினேன், 2,500 ரூபாய். ஆம்னி பஸ் பார்சல்ல போட்டுவிட்டார், விடியக்காலை 4 மணிக்கு பைபாஸ்ல போய் நின்னு இறக்கினேன். சாக்குல சுத்தி, மேல பழைய டியூப் போட்டுக் கட்டியிருந்தார். பேரிங், நட்டு புதுசு. லோயர் ஆர்ம் வெளிக் கம்பெனிப் புதுசு. ஷாக் ரெண்டு பக்கமும் புதுசு. ஸ்பிரிங் என்னோடதே. கூலி, அலைன்மென்ட் சேர்த்து மொத்தம் 19,000 வந்துருச்சு. கேம்பர் ரெண்டு பக்கமும் பச்சையில காட்டுது.

பெருசா ஒண்ணும் மிச்சமாகலதான். நக்கிளுக்காகக் காத்துக் கிடக்கல, அவ்ளோதான்.

பழசு பத்திரம் (அடுத்த செவ்வாய், இரவு 9:50)
நல்லதுங்க. அந்த ஸ்ட்ரட் ஜோடியைக் கழட்டி, பேப்பர் மேல நிறுத்தி வெச்சேனுங்க. வலது சுத்தமாக் காஞ்சிருக்குது. இடதுக்கு அடியில அஞ்சு ரூபாக் காசு அகலத்துக்கு வட்டமா எண்ணெய். 78,000-ல இப்படின்னு நானே எதிர்பார்க்கலை. விளம்பரத்துல இருந்து ஷாக்கைத் தூக்கிட்டேன். இப்ப ஸ்பிரிங் ஜோடி மட்டும், 1,200.

புதுசே போதும் (அடுத்த செவ்வாய், இரவு 9:58)
கனமான டீசல் இன்ஜினைத் தாங்குகிற ஸ்பிரிங்தானே? எழுதிப் போடுங்கள். பெட்ரோல்காரர் யாராவது வாங்கிவிட்டு முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று இங்கே வந்து அழுவார்.

பழசு பத்திரம் (அடுத்த செவ்வாய், இரவு 10:01)
போட்டாச்சுங்க. எந்த ஸ்பிரிங்னு காட்டற பெயிண்ட் கோடு தெரியற மாதிரி போட்டோவும் சேர்த்து.