தென்னாப்பிரிக்காவில் வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓய்வு தர அரசு பணம் உண்டா?

சாட்ஸ்வொர்த்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 81 வயது, டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்து நாலு வருஷம் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாப்பாட்டு டப்பாவைத் தேடுவார், "பஸ் போயிடும்டி, லேட்டானா சம்பளம் பிடிப்பான்" என்று கதவை ஆட்டுவார். டர்பனில் துணி ஃபேக்டரியில் முப்பது வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர், அந்தப் பஸ் மட்டும் இன்னும் மறக்கவில்லை. கேட் சாவியை என் இடுப்பில் முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். போன வருஷம் வேலையை விட்டுவிட்டேன், ஏனென்றால் சட்டப்படி கிடைக்கும் மூன்று நாள் குடும்ப லீவு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் செல்லும், பெற்றவளுக்கு என்றால் அவர் இறந்தால்தான் செல்லும்.

அம்மாவை நிரந்தரமாக முதியோர் ஹோமில் விட எனக்கு மனசில்லை. மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு யாராவது பார்த்துக்கொண்டால் போதும், நான் தூங்கி எழுந்திருப்பேன். அதற்கு அரசாங்கம் ஏதாவது தருகிறதா? பென்ஷனில் பாதி டயப்பருக்கே போகிறது.

பீனிக்ஸ்_அண்ணன்:

தங்கச்சி, கிராண்ட் இன் எய்ட் எழுதிப் போட்டீர்களா? நம்மில் நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதியோர் பென்ஷன் வாங்குகிறவருக்கு எந்நேரமும் இன்னொருவர் துணை வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், பென்ஷனோடு சேர்த்து சாஸா, அதாவது அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் அலுவலகம், தருவது அது. 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ரேண்டாக இருந்தது. பணம் அம்மா பெயரில்தான் வரும், உங்கள் பெயரில் இல்லை. அரசு மானியம் வாங்கும் ஹோமில் அவரைச் சேர்த்துவிட்டால் கிடைக்காது. அம்மாவை வரிசையில் உட்கார வைக்க வேண்டாம், ஏன் வர முடியவில்லை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் அவருக்காக நீங்களே போய் விண்ணப்பிக்கலாம்.

மெரிபேங்க்_டீச்சர்:

அண்ணன் சொன்னது சரிதான், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அது அவர் கேட்ட ஓய்வைத் தராது, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. 560ஐ அதால் வகுத்தால் பத்தொன்பது மணி நேரம் வரும், அதுவும் ஒரு மாசத்துக்கு! ஒரு சனி ஞாயிறு என்பது நாற்பத்தெட்டு மணி நேரம். நானும் என் வீட்டுக்காரரை ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஆறு வருஷம் பார்த்தவள். புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட அலாரம் வைத்துப் படுப்பேன், அவர் போய் ஒரு வருஷம் வரை அலாரம் இல்லாமலே அந்த நேரத்துக்குக் கண் முழித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், இது நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2006ல் வந்த முதியோர் சட்டம், 13ஆம் எண், 2010லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவில் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் என்னென்ன சேரலாம் என்ற வரிசையில் ரெஸ்பைட் கேர், அதாவது பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு தரும் தற்காலிகப் பராமரிப்பு, என்றே எழுதியிருக்கிறார்கள். எழுதியதற்கு ஏற்ற காசு எங்கே? ஆஸ்திரேலியாவில் ஒரு நிதியாண்டில் 63 நாள் வரை அரசு மானியத்தோடு பெரியவரை ஹோமில் தங்க வைக்கலாம், குடும்பம் தினக் கட்டணம் கட்டினால் போதும். அத்தனை நாள் வேண்டாம், வருஷத்துக்கு பதினாலு நாளாவது நம் மாகாண பட்ஜெட்டில் தனித் தலைப்பில் வரட்டும். மற்ற செலவோடு கலந்தால் அது கண்ணிலேயே படாது.

டொங்காட்_தம்பி:

டீச்சர் அக்கா, பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஹோமில் படுக்கைக்கு என்று ஒதுக்கினால் டிமென்ஷியா இருந்த எங்கள் பாட்டி மாதிரி ஆளுக்கு உதவாது. ஒரே ஒரு வாரம் வேறு இடத்தில் தங்க வைத்தோம், திரும்பி வந்தபோது சொந்த பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம் ஊர்ப் பேச்சு வேறு, பெற்றவளைத் தள்ளிவிட்டார்கள் என்று. காசை வீட்டுக்கு வரும் ஆளுக்குக் கொடுக்கட்டும். நம் தெருக்களிலேயே வேலை இல்லாத பெண்கள் எத்தனை பேர்! பயிற்சி கொடுத்து ஒழுங்கான கூலியும் கொடுத்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும்.

மெரிபேங்க்_டீச்சர்:

அதுவும் நியாயம்தான் தம்பி, டிமென்ஷியாவுக்கு இடம் மாற்றுவது ஆபத்துதான். ஆனால் என் வீட்டுக்காரர் மாதிரி படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அவருக்கு ஹோம்தான் சரிப்படும். இரண்டில் எது என்பதைப் பார்த்துக்கொள்கிறவர் தீர்மானிக்கட்டும்.

சாட்ஸ்வொர்த்_மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த 11ஆம் பிரிவை அச்செடுத்து எங்கள் வார்டு கவுன்சிலரிடமும் சமூக நலத் துறை ஆபீசிலும் கொடுக்கப் போகிறேன், கூட யாராவது வந்தால் நல்லது. செவ்வாய்க்கிழமை டாக்டர் கடிதத்தோடு சாஸாவுக்குப் போக வேண்டும், அன்றைக்கு அம்மாவை யாரிடம் விடுவது என்றுதான் தெரியவில்லை.

பீனிக்ஸ்_அண்ணன்:

காலை ஆறரைக்கு நானும் என் வீட்டம்மாவும் வந்துவிடுகிறோம். அம்மாவுக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் எழுதி வையுங்கள்.