பிளெண்டர் முன்னோட்டத்துக்கு ஸ்டாண்டர்டா, ஏஜிஎக்ஸா?

நிழற்கோடு:
பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளின் 4.0 பதிப்புக்கு மாறியதிலிருந்து வாடிக்கையாளர்களிடம் ஒரே குறையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் தந்த சிவப்பை நிறக் குறியீடு பிசகாமல் தேயிலை டப்பாவுக்கு இட்டாலும், ரெண்டரில், அதாவது மென்பொருள் கணக்கிட்டுத் தரும் படத்தில், அது வெளிறிய செங்கல் நிறமாக வருகிறது. 2023-இல் வெளியான அந்தப் பதிப்பில், கணக்கிட்ட ஒளியைத் திரை நிறமாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்மின் இயல்புநிலை ஃபில்மிக்கிலிருந்து ஏஜிஎக்ஸுக்கு மாறியதே இதற்குக் காரணம். நான் ஸ்டாண்டர்ட் என்ற எளிய டிரான்ஸ்ஃபார்முக்கே போய்விட்டேன். இட்ட நிறம் இட்டபடி தெரியாத முன்னோட்டத்தை நம்பி எந்த முடிவை எடுப்பது?

சுடர்:
ஸ்டாண்டர்டிலும் இட்ட நிறம் அப்படியே தெரிவதில்லை, நண்பரே. நாம் இடுவது பொருள் ஒளியைத் திருப்பும் விகிதம். திரையில் விழுவது அதனுடன் விளக்கின் அளவும் சேர்ந்த கணக்கு. அந்தக் கணக்கு 1.0-ஐத் தாண்டினால் ஸ்டாண்டர்ட் வெட்டிவிடுகிறது. நடுச்சாம்பலான 0.18-இலிருந்து மேலே எண்ணினால் இரண்டரை ஸ்டாப்புக்குள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது) இடம் தீர்ந்துவிடும். ஒரு தீச்சுடரின் சிவப்பு 10, பச்சை 3, நீலம் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் 1-இல் முட்டி நின்றுவிட, திரைக்கு வருவது 1, 1, 0.5, செம்மஞ்சளாக இருக்க வேண்டிய சுடர் எலுமிச்சை மஞ்சளாகிவிடுகிறது. ஏஜிஎக்ஸ் இருளிலிருந்து வெளிச்சம் வரை மொத்தம் 16.5 ஸ்டாப்பைத் தாங்கி, மிகை ஒளியில் நிறத்தைப் படச்சுருளில் நிகழ்வதுபோல மெல்ல வெண்மைக்கு நகர்த்துகிறது. அந்த இடத்துக்கான விலையைத்தான் உங்கள் சிவப்பு கொடுக்கிறது.

நிழற்கோடு:
சுடருக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என் டப்பாவில் தீ எரியவில்லை. வெண்பின்னணிக்காக 1.0 அளவில் ஒளி உமிழும் தளத்தை வைத்தால், ஏஜிஎக்ஸில் அது சாம்பலாகத் தெரிகிறது. முழு வெள்ளை வேண்டுமென்றால் 16-ஐ ஒட்டிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். அவ்வளவு ஒளி பின்னாலிருந்து வந்தால் டப்பாவின் விளிம்பெல்லாம் கரைந்துபோகிறது.

கல்தச்சன்:
இருவரும் இரண்டே வாய்ப்புகள் இருப்பதாக எண்ணி வாதிடுகிறீர்கள். 4.2 பதிப்பில் சேர்ந்த குரோனோஸ் பிபிஆர் நியூட்ரல் என்ற இன்னொரு டிரான்ஸ்ஃபார்ம், பொருள்களின் விளம்பரப் படங்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. 0.8-ஐ நெருங்கும் வரை மதிப்புகளை ஏறக்குறைய உள்ளபடி விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ளதை மட்டும் அது அமுக்குகிறது. நிறமற்ற, சாம்பல் ஒளியில்தான் அந்த நேர்மை செல்லுபடியாகும் என்பதை மறந்துவிட வேண்டாம். எதுவானாலும், ஒளியின் மூல மதிப்புகளை வைத்திருக்கும் இஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமித்தால் டிரான்ஸ்ஃபார்ம் அதில் பதியாது, பிஎன்ஜியில்தான் பதியும் என்பதால், பிறகு மாற்றிக்கொள்ள வழி உண்டு.

சுடர்:
"பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஸ்டாண்டர்டில் பார்த்தபடி ஒளியமைப்பவர், வெட்டு கண்ணில் படாதிருக்க விளக்குகளைக் குறைத்துக்கொண்டே போவார். அந்தக் குறைவு இஎக்ஸ்ஆரிலும் பதிந்துவிடும். அதை ஏஜிஎக்ஸில் திறந்தால் உயிரற்ற படமே மிஞ்சும். டிரான்ஸ்ஃபார்மை முதல் விளக்கை வைப்பதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

நிழற்கோடு:
நியூட்ரலில் அதே டப்பாவை மறுபடி ரெண்டர் செய்தேன். சிவப்பு சிவப்பாக வந்தது. தகர மூடியின் பளபளப்பும் வெட்டுப்படவில்லை. லேபிளின் தட்டையான படத்தைச் சரிபார்க்க மட்டும் ஸ்டாண்டர்டை வைத்துக்கொள்கிறேன். ஏஜிஎக்ஸைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால், அடுத்த படத்தில் அதே டப்பா மாலை வெயிலில் நிற்க வேண்டுமாம். சாம்பல் ஒளி என்ற நிபந்தனை அங்கே உடைந்துவிடுகிறதே, கல்தச்சன்?