கொல்லையில் எடுத்த வியாழன்: படமா, கணினி வேலையா?

கொய்யாமரத்தடி (இரவு 10.40)
நேற்று ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் எடுத்த வியாழன் படத்தை இணைத்திருக்கிறேன். கொய்யா மரத்துக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஒரு டெலஸ்கோப் நிற்கும் அளவுக்குத்தான் இடம். எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் (தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் டெலஸ்கோப்), உருவத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ், சின்னதாக ஒரு கேமரா. மோட்டார் கிடையாது, கையால் தள்ளுவதுதான். வியாழன் இப்போது உச்சிக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே இந்த டெலஸ்கோப்பைத் திருப்புவது முரட்டு மாட்டைக் கொட்டிலில் கட்டுவது மாதிரி. அரை நிமிடத்தில் கோள் திரையை விட்டு ஓடிவிடும், மறுபடி தள்ளி நிறுத்த வேண்டும். இப்படி நான்கு துண்டு வீடியோ, சுமார் 12,000 பிரேம், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள். அதில் தெளிவான 1,800-ஐ மென்பொருள் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தந்தது. வியாழனின் இரண்டு மேகப் பட்டைகளும், பெருஞ்சிவப்புப் புள்ளி என்கிற ராட்சதப் புயலும் தெரிகின்றன.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நாசா படத்தை எடுத்துப் போட்டியா?" என்று சித்தப்பா கேட்டுவிட்டார். நீங்களே சொல்லுங்கள், இதை நான் எடுத்த படம் என்று சொல்லலாமா?

பிலிம்காலம் (இரவு 11.05)
கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி. உங்கள் சித்தப்பா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. ஷட்டர் ஒரு தடவை திறந்து மூடினால் அது படம். 1,800 தடவை திறந்ததைக் கூட்டிச் சராசரி பார்த்தால் அது கணக்கு.

1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்மீன் துண்டுகள் வியாழன்மேல் விழுந்தபோது, நானே தேய்த்த ஆறு அங்குல டெலஸ்கோப் கண்ணாடியை வைத்துக்கொண்டு மழை மேகத்தோடு மல்லுக்கட்டினேன். ஒரு ரோல், 36 படம், ஒவ்வொன்றும் இரண்டு விநாடி. 35 குப்பை. ஒன்றே ஒன்றில் கறுப்பாக ஒரு தீற்றல். மங்கல்தான், ஆனால் அந்த நேரத்தில் வானம் கொடுத்தது அதுதான். நான் எதையும் சேர்க்கவில்லை.

ஓலைநிழல் (காலை 6.20)
நீங்கள் இருவரும் கோளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கு வேறு குறை. இந்த மாதிரி வட்டப் படங்களில் கொல்லை எங்கே இருக்கிறது? சிலியில் எடுத்தாலும் சிதம்பரத்தில் எடுத்தாலும் கறுப்பில் ஒரு உருண்டை.

2023 மார்ச் 1 சாயங்காலம் வெள்ளியும் வியாழனும் அரை டிகிரி இடைவெளியில், அதாவது ஒரு முழுநிலா அகலத்தில், மேற்கே நின்றன. கைப்பிடிச் சுவர்மேல் அரிசி போட்ட துணிப்பை, அதில் போனைச் சாய்த்து வைத்து, மூன்று விநாடி டைமர். போனைச் சும்மா விட்டால் வெள்ளியைப் பல்பு மாதிரி ஊதிவிடும். அதனால் வெள்ளிமேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்தேன். வந்தது இரண்டு புள்ளி, எங்கள் தென்னை ஓலை, பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் நாசாவா என்று கேட்கவில்லை.

கொய்யாமரத்தடி (காலை 7.45)
அக்கா, உங்கள் படம் சாயங்காலத்தைப் பிடித்த படம், அதில் சண்டையே இல்லை. என் ஆசை அந்தப் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. முழுநிலா அகலத்தில் நாற்பது வியாழனை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னது. போன் எவ்வளவு நல்லதானாலும் தனியாக அதைக் காட்டாது.

பிலிம்காலம் சார், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தொட்டித் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசைப் பாருங்கள். தண்ணீர் அசையும்போது காசு நெளியும். நடுநடுவே ஒரு கணம் அசைவு நிற்கும், அப்போது எழுத்துகூடப் படிக்க வரும். காற்றும் அப்படித்தான். நான் நொடிக்கு நூறு பிரேம் எடுத்து, அசைவு நின்ற கணங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு விநாடி திறந்து வைத்தபோது நல்ல கணம், கெட்ட கணம் எல்லாமே பிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதுவும் அடுக்கியதுதானே சார்? பொறுக்காமல் அடுக்கியது. அப்புறம் 36-ல் ஒன்றைப் பொறுக்கினீர்கள். நான் ஏழில் ஒன்றைத்தான் பொறுக்கினேன், உங்கள் அளவுக்குக் கறார் இல்லை!

மிளகாய்த்தோட்டம் (காலை 8.10)
:) சார் மாட்டிக்கொண்டார்.

சின்ன உபரித் தகவல்: மொட்டை மாடியில் முயற்சி செய்பவர்கள் எட்டரை மணிவரை பொறுங்கள். பகல் வெயிலைக் குடித்த காங்கிரீட் இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும், கோள் அடுப்புக்கு மேலே தெரிகிற மாதிரி கொதிக்கும். மண் தரை தேவலை. டெலஸ்கோப்பையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்தால்தான் கண்ணாடி ஆறும்.

பிலிம்காலம் (காலை 9.30)
அடுக்கியது சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு விநாடி வாதம் எனக்குத் தோன்றவில்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் சந்தேகம் அதற்கு அடுத்த கட்டத்தில். ரெஜிஸ்டாக்ஸ் என்று ஒரு மென்பொருளில் ஆறு நகர்த்திகள் இருக்கின்றனவே, கூர்மையாக்க. என் மருமகன் காட்டினான். ஒன்றைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் கோளின் விளிம்பில் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு கோடு முளைக்கிறது. அந்தக் கோடு வியாழனில் இல்லை. இல்லாததைக் காட்டும் கருவியை எப்படி நம்புவது? 2023-ல் ஒரு போன், நிலாவைப் படம் எடுத்தால் கேமராவில் பதியாத பள்ளங்களைத் தானே வரைந்துவிடுகிறது என்று பெரிய சர்ச்சை வந்ததே. இதுவும் அதற்குத் தம்பிதானே?

மிளகாய்த்தோட்டம் (காலை 10.15)
தம்பி இல்லை சார், வேறு வீட்டுப் பிள்ளை. போன் செய்தது, நிலா எப்படி இருக்கும் என்று முன்பே படித்து வைத்ததை ஒட்டுவது. நகர்த்தி, வீடியோவில் ஏற்கனவே இருக்கும் வேறுபாட்டைத் தூக்கிக் காட்டுவது. மிஞ்சினால் கோடு வரும், அது உப்பு கூடிப்போன கதை.

ஆஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி என்பவர் மரம்பேட்மன் என்ற ஊரில், வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த பதினான்கரை அங்குல டெலஸ்கோப்பில் இதே முறையில்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 2009 ஜூலை 19 இரவு வியாழனின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. துணைக்கோளின் நிழலோ என்று முதலில் சந்தேகப்பட்டார். அது ஏதோ மோதிய தழும்பு. ஹவாயில் நாசாவின் அகச்சிவப்பு டெலஸ்கோப் உறுதி செய்தது, ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்பும் திரும்பிப் பார்த்தது. பிலிப்பைன்ஸில் செபு நகரத்து கிறிஸ்டோஃபர் கோ, வியாழனில் வெள்ளையாக இருந்த ஒரு புயல் சிவப்பாகிவிட்டதை 2006-ல் முதலில் கவனித்தவர். முன்பே படித்து வைத்ததை ஒட்டுகிற மென்பொருளாக இருந்தால், யாரும் அதுவரை பார்க்காத தழும்பு எப்படி வரும்?

பிலிம்காலம் (காலை 11.00)
சரி, அப்படியானால் ஒரே ஒரு கோரிக்கை. அடுக்காத, தொடாத ஒரு பிரேமையும் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நெகட்டிவைக் காட்டு என்று நாங்கள் கேட்போமே, அது மாதிரி.

கொய்யாமரத்தடி (பிற்பகல் 1.20)
போட்டிருக்கிறேன் சார். பார்த்துச் சிரிக்காதீர்கள், வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. இரண்டு பட்டை மட்டும் தெரியும், சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் மாதிரி நிழல். அடுக்கிய படத்தில் நிறத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன், அதை மறைக்கவில்லை. வீடியோவை மொத்தம் இரண்டு நிமிடத்தில் முடித்தேன். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அதிக நேரம் எடுத்தால் புள்ளியே நகர்ந்து குழம்பிவிடும்.

பிலிம்காலம் (பிற்பகல் 2.05)
இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி, சிவப்புப் புள்ளி வியாழனின் தென்பாதியில் இருப்பது. உங்கள் படத்தில் மேலே இருக்கிறதே?

கொய்யாமரத்தடி (பிற்பகல் 2.12)
ஐயோ. டாப்சோனியன் தலைகீழாகக் காட்டும். திருப்பிப் போட மறந்துவிட்டேன்.

பிலிம்காலம் (பிற்பகல் 2.20)
திருப்ப வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நாசா படத்தைத் திருடியவன் வடக்கை மேலே வைத்துத்தான் போட்டிருப்பான். உங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நிறம் ஏற்றியது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஓலைநிழல் (மாலை 5.50)
இன்னும் முக்கால் மணி நேரத்தில் மேற்கே வெள்ளி தெரியும், ரொம்பத் தாழ்வாக. கொய்யா மரம் மறைக்கும் என்றால் தம்பி மாடிக்குப் போகலாம், போன் போதும், காங்கிரீட் கொதிப்பெல்லாம் போனுக்குத் தெரியாது. அரிசிப்பையை மறக்காதீர்கள்.