ஆர்க்கெஸ்ட்ரா சிம்பொனியைப் பேண்டுக்கு மாற்றி எழுதிய அனுபவம் உண்டா?

சேலம், கிளாரினெட்:

லூயிஸ் ஃபராங்க் என்ற பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளரின் மூன்றாம் சிம்பொனியை எங்கள் பேண்டுக்காக மாற்றி எழுதி முடித்திருக்கிறேன். இதே மாதிரி வேலையில் இறங்கியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஃபராங்க் 1842இலிருந்து முப்பது வருஷம் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பியானோ பேராசிரியராக இருந்தவர். ஆண் பேராசிரியர்களுக்கு இணையான சம்பளத்தைக் கேட்டு வாங்கியவர். 1847இல் எழுதிய இந்த சிம்பொனி 1849இல் பாரிஸில் அரங்கேறியது. அவர் போன பிறகு வெகுகாலம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கல்யாண பேண்டில் வாசிப்பவர்கள், மீதிப் பேர் சர்ச் பேண்டிலிருந்து வந்தவர்கள். இவர்களுக்கு இந்த சிம்பொனியின் கீயான (ஆதார சுருதியான) ஜி மைனர் பெரிய வரம். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு சுரம் கீழே ஒலிக்கும் என்பதால் அதற்கு ஏ மைனரில் எழுத வேண்டும், வரியின் தொடக்கத்தில் போடும் கீ சிக்னேச்சரில் ஷார்ப், ஃபிளாட் (சுரத்தை அரைப்படி ஏற்றும், இறக்கும் குறிகள்) ஒன்றுமே இருக்காது. ஆல்ட்டோ சாக்ஸுக்கு ஈ மைனர், ஒரே ஷார்ப். அதனால் சுருதியை நான் மாற்றவே இல்லை.

கஷ்டப்படுத்தியது ஸ்கெர்ட்ஸோ என்ற வேகமான மூன்றாம் பகுதிதான். அதில் வயலின்கள் மூச்சு வாங்காமல் ஓடும். நடுவே ட்ரியோ என்ற மாறுபட்ட இடைப்பகுதி வரும்போது காற்று வாத்தியங்கள் முன்னால் வரும். அந்த நிற மாற்றத்தில்தான் அழகே இருக்கிறது. வயலினின் வேலையையும் கிளாரினெட்டுக்கே கொடுத்துவிட்டால் ட்ரியோ வந்ததே கேட்பவருக்குத் தெரியாது. அதனால் ஓட்டத்தை மட்டும் கிளாரினெட் கூட்டம் முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு பார் (தாளக் கட்டம்) ஒரு குழு, அடுத்த இரண்டு பார் மறு குழு. ஒரு குழுவின் கடைசி சுரத்தின் மேலேயே மற்றது ஆரம்பிக்கும், அந்த இடைவெளியில் முதல் குழு மூச்சு வாங்கிக்கொள்ளும். ட்ரியோ வந்ததும் ஒரு பார்ட்டுக்கு ஒரே ஆள்தான். மற்றவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துவிட வேண்டும்.

அப்புறம் டிரம்பெட். ஃபராங்க் இதில் டிரம்பெட்டும் எழுதவில்லை, டிராம்போனும் எழுதவில்லை, ஹார்ன் இரண்டோடு சரி. எங்களிடம் டிரம்பெட் ஆட்கள்தான் அதிகம். "சும்மா உட்கார வைக்கவா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று பேண்டு மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒலியை அடக்கும் ம்யூட்டை வாயில் செருகி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்கும் நடுக்குரலை ஊதச் சொன்னேன். ஊர்வலத்தில் முன்னால் நின்று ஊதிப் பழகியவர்கள், கிளாரினெட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு மெல்ல ஊதியதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏற்காடு, யூஃபோனியம்:

அண்ணா, நாங்கள் எடுத்தது ஃப்ளாரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனி. 1933இல் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அதை அரங்கேற்றியது. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியை வாசித்தது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கு வரமாக வந்த கீ எங்களுக்குச் சோதனையாக வந்தது. ஈ மைனர் என்றால் கிளாரினெட்டுக்கு மூன்று ஷார்ப், ஆல்ட்டோவுக்கு நான்கு. அரை சுரம் ஏற்றி எஃப் மைனரில் எழுதினேன், விரல்கள் நிம்மதியடைந்தன. இரண்டாம் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் கீதம் ஒன்று வரும். சர்ச்சில் வளர்ந்த பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் பகுதி ஜூபா நடனம். அடிமைகளாக இருந்தவர்கள் கையையும் தொடையையும் தட்டியே தாளம் போட்டு ஆடிய ஆட்டம் அது. 1740இல் தென் கரோலினாவில் சட்டம் போட்டே அவர்களிடமிருந்து முரசைப் பறித்திருந்தார்கள். பிரைஸ் இந்தப் பகுதியில் ஆப்பிரிக்க முரசையே எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பதிலாகத் தவிலைப் போடலாமே என்று இங்கே பலர் கேட்டார்கள், நான் ஒப்பவில்லை. பறிபோனதை அவர் திரும்பக் கொண்டுவந்து வைத்த இடம் அது. அங்கே நம்ம அலங்காரம் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள்: பிரைஸின் படைப்புகளுக்கான உரிமை 2018 முதல் ஜி. ஷிர்மர் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. மேடைக்குக் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஃபராங்கை எங்கள் ஊருக்கும் கொண்டுவாருங்கள் அண்ணா. சேலத்து வெயிலில் சேர்த்த சுருதி மலை ஏறியதும் இறங்கிவிடும், குளிர்ந்த காற்றில் எந்தக் குழலும் அப்படித்தான். வந்து இறங்கியதும் ட்யூன் பண்ணாதீர்கள். நன்றாக ஊதி வாத்தியத்தைச் சூடாக்கிவிட்டு, பிறகு பாருங்கள்.